புதிதாகப் பெரும்பான்மை கிடைத்தவர்கள் எப்படி ஆள வேண்டும்? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இருபது வருடமாகப் பள்ளியில் சமூக அறிவியல் நடத்துகிறேன். தேர்தல் முடிந்து புதுச் சட்டமன்றம் அமையும்போதெல்லாம் எங்கள் ஊர் கிளை நூலகத்தில் மாலை நேரத்தில் கூடுகிறவர்கள், பழைய மாணவர்கள், தெருவில் பார்க்கிறவர்கள் என்று பலரும் சொல்லிவைத்தாற்போல் அதே சந்தேகங்களைக் கேட்கிறார்கள். யார் ஜெயித்தாலும் கேள்விகள் மாறுவதில்லை. அதனால் அவற்றை அவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலையும் சேர்த்திருக்கிறேன். எல்லாமே தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தை வைத்துத்தான். உதாரணங்கள் இரண்டு பெரிய கட்சிகளின் ஆட்சியிலிருந்தும் வருகின்றன. ஒரு பக்கத்தை மட்டும் குறை சொல்ல இதை எழுதவில்லை.

பெரும்பான்மைன்னா சரியா எத்தனை சீட்டு சார்?

மொத்தம் 234 தொகுதிகள். பாதிக்கு மேல் ஒன்று என்றால் 118. அமைச்சரவை சட்டமன்றத்துக்குக் கூட்டாகப் பொறுப்பானது என்று அரசியலமைப்பின் 164ஆவது பிரிவு சொல்கிறது. அதாவது, அவையில் பாதிப் பேருக்கு மேல் நம்பிக்கை வைத்திருக்கும் வரைதான் முதல்வர் முதல்வராக இருக்க முடியும்.

ஆனால் அன்றாடம் ஒரு மசோதாவை நிறைவேற்ற 118 பேர் தேவையில்லை. அவைக்கு வந்து வாக்களிப்பவர்களில் பாதிக்கு மேல் ஆதரித்தால் போதும். அவை நடக்கக் குறைந்தபட்சம் பத்தில் ஒரு பங்கு உறுப்பினர்கள், அதாவது 24 பேர் இருந்தாலே போதும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் சட்டங்கள் எவ்வளவு வேகமாக நிறைவேறுகின்றன என்று பார்க்கும்போது இந்த எண்ணிக்கை தேவைப்படும்.

118 வந்தாச்சுன்னா மக்கள் எல்லாரும் அவங்க பக்கம்னுதானே அர்த்தம்?

இல்லை. 2021இல் தி.மு.க. கூட்டணி 159 இடங்களைப் பிடித்தது. வாக்கு சுமார் 45 சதவீதம். அ.தி.மு.க. கூட்டணி ஏறத்தாழ 40 சதவீத வாக்கு வாங்கி 75 இடங்களில் நின்றது. வாக்கில் ஐந்து சதவீத வித்தியாசம், இடத்தில் இரண்டு மடங்குக்கு மேல் வித்தியாசம். 2016இல் அ.தி.மு.க. ஏறக்குறைய 41 சதவீத வாக்கோடு அறுதிப் பெரும்பான்மை பெற்றது. அந்த இரண்டு முறையும் பாதிக்கு மேற்பட்ட வாக்காளர்கள் ஆளவந்தவர்களுக்கு ஓட்டு போடவில்லை.

நம் தேர்தல் முறை அப்படி. ஒரு தொகுதியில் மற்றவர்களை விட ஒரு ஓட்டு கூடுதலாக வாங்கினாலும் ஜெயித்தவர்தான் எம்.எல்.ஏ. அதில் தவறு ஒன்றுமில்லை, ஆட்சி அமைக்கும் உரிமை முழுமையானதுதான். ஆனால் "மக்கள் தீர்ப்பு எங்களுக்கு, இனி யாரும் பேசக்கூடாது" என்று சொல்லும்போது, எதிரணிக்கு ஓட்டு போட்டவரும் அதே ரேஷன் கடை வரிசையில்தான் நிற்கிறார் என்பது மறந்துபோகிறது. புதுப் பெரும்பான்மை முதலில் மனதில் இருத்த வேண்டியது இதைத்தான்.

ஆளுங்கட்சி எம்.எல்.ஏ.ன்னா அவரும் அரசாங்கம்தானே? அவர் எதுக்கு அரசைக் கேள்வி கேட்கணும்?

நான் அதிகம் கேட்ட சந்தேகம் இதுதான். அரசாங்கம் என்பது அமைச்சரவை. 2003இல் வந்த 91ஆவது திருத்தத்தின்படி, முதல்வரையும் சேர்த்து அவையின் மொத்த எண்ணிக்கையில் 15 சதவீதத்துக்கு மேல் அமைச்சர்கள் இருக்கக் கூடாது. நம் கணக்கில் அது 35 பேர். மற்ற ஆளுங்கட்சி உறுப்பினர்கள் அரசாங்கம் அல்ல, அரசாங்கத்தைக் கண்காணிக்க நாம் அனுப்பியவர்கள். வினா நேரத்தில் கேள்வி கேட்பதும், துறைகளின் செலவுக்கு அவையிடம் பணம் கேட்கும் மானியக் கோரிக்கை விவாதத்தில் "போன வருடம் சொன்ன பாலம் எங்கே?" என்று நிறுத்திக் கேட்பதும் அவர்களுடைய வேலையும்தான்.

மாணவர்களைக் கூட்டிக்கொண்டு ஒருமுறை சட்டமன்றம் இருக்கும் கோட்டையில் பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்திருந்தேன். ஒரு உறுப்பினருக்குப் பேச ஒதுக்கிய நேரத்தில் பெரும்பகுதி தலைவரைப் புகழ்வதிலேயே போய்விட்டது. கடைசியில் தொகுதிக் கோரிக்கையைத் தொடங்கியபோது மணி அடித்துவிட்டது. எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் என் காதருகே வந்து, "சார், அவர் ஊருக்கு என்ன வேணும்னு சொல்லவே இல்லையே" என்றான். பொறுப்பான தலைமை தன் உறுப்பினர்களிடம் முதலில் சொல்ல வேண்டியது, அந்த நேரம் தொகுதி மக்களுடையது என்பதைத்தான்.

சரி, முதல் நூறு நாள்ல என்ன செய்யணும்?

கஜானாவில் என்ன இருக்கிறது என்பதை ஜனங்களிடம் சொல்ல வேண்டும். 2021இல் வந்த தி.மு.க. அரசில் ஆகஸ்ட் 9 அன்று மாநிலத்தின் நிதி நிலை பற்றி வெள்ளை அறிக்கை வெளியிட்டார்கள். கடன் 5.70 லட்சம் கோடி ரூபாய், ஒரு குடும்பத்தின் தலையில் 2,63,976 ரூபாய் என்று அதில் கணக்கு காட்டினார்கள். அதில் அரசியல் இல்லாமல் இல்லை, முந்தைய ஆட்சி மேல் பழி போடவும் அது உதவியது. ஆனாலும் எண்கள் பொதுவெளிக்கு வந்துவிட்டால் அவை வெளியிட்டவரையும் விடாது. ஐந்து வருடம் கழித்து அதே எண்ணை வைத்து அவர்களையே கேட்கலாம். அந்த ஆபத்தை அறிந்தே வெளியிடுவதுதான் நேர்மை.

இரண்டாவது, எதிரணியை வேலையில் சேர்த்துக்கொள்வது. 2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலை உச்சத்தில் இருந்தபோது, முதல்வர் தலைமையில் 13 சட்டமன்றக் கட்சி உறுப்பினர்கள் கொண்ட ஆலோசனைக் குழு அமைத்தார்கள். முந்தைய ஆட்சியில் சுகாதார அமைச்சராக இருந்த அ.தி.மு.க.வின் சி.விஜயபாஸ்கர் அதில் இருந்தார். நேற்றுவரை அந்தத் துறையை நடத்தியவருக்குத் தெரிந்தது இன்று வந்தவருக்குத் தெரியாது. இதை ஒப்புக்கொள்வதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. இப்படி ஒரு குழுவை வைக்கப் பெருந்தொற்று வர வேண்டுமா? மழைவெள்ளத்துக்கும் காவிரிக்கும் நிரந்தரமாகவே வைக்கலாம் என்பது என் எண்ணம்.

வாக்குறுதி குடுத்துட்டாங்க, ஆனா காசு இல்ல. அப்போ என்ன பண்றது?

உள்ளதைச் சொல்ல வேண்டும், சீக்கிரமே சொல்ல வேண்டும். 1967இல் தி.மு.க. முதன்முதலாக ஆட்சிக்கு வந்தபோது ரூபாய்க்கு மூன்று படி அரிசி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்று சொல்லியிருந்தார்கள். வந்ததும் ரூபாய்க்கு ஒரு படித் திட்டத்தைச் சென்னையிலும் கோவையிலும் தொடங்கினார்கள். நிதி இடம் தரவில்லை, மாநிலம் முழுக்க விரியவில்லை. அதற்காக அண்ணா கடுமையாக விமர்சிக்கப்பட்டார், அது நியாயம்தான். ஆனாலும் எது ஆசை, எது உறுதி என்று வாக்குக் கேட்கும்போதே பிரித்துச் சொன்ன அந்த வழக்கம் பின்னால் வந்த தேர்தல் அறிக்கைகளில் காணாமல் போய்விட்டது.

மகளிர் உரிமைத் தொகையைப் பாருங்கள். 2021 தேர்தலில் குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் என்றார்கள். 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கியபோது வருமானம், நிலம், மின் பயன்பாடு என்று தகுதிகள் வந்தன. முதலில் ஏறத்தாழ 1.06 கோடிப் பெண்களுக்குக் கிடைத்தது. பெரிய காரியம், மறுக்கவில்லை. ஆனால் எங்கள் தெருவில் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்ட ஒரு அம்மா, "எல்லாருக்கும்னுதானே தம்பி சொன்னாங்க" என்று கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. தகுதி வைப்பது தவறில்லை. ஓட்டு கேட்கும் மேடையிலேயே அந்தத் தகுதியைச் சொல்லியிருக்க வேண்டும்.

பழைய ஆட்சி கொண்டுவந்ததை நிறுத்தக்கூடாதா? மாத்தணும்னுதானே ஓட்டு போட்டோம்?

மாற்றலாம். மோசமான திட்டத்தை மாற்றவேண்டியது கடமையும்கூட. ஆனால் அது மோசம் என்பதால் மாற்றுகிறீர்களா, அவர்கள் கொண்டுவந்தது என்பதால் மாற்றுகிறீர்களா என்பதற்கு அவையில் பதில் சொல்ல வேண்டும்.

மக்கள் நலப் பணியாளர்கள் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான், இருந்தாலும் வரிசையாகப் படித்துப் பாருங்கள். 1989இல் வந்த தி.மு.க. ஆட்சி ஊராட்சிகளில் அவர்களை நியமித்தது. 1991இல் அ.தி.மு.க. வந்தது, நீக்கியது. 1996இல் வந்த ஆட்சி மறுபடி எடுத்தது. 2001இல் நீக்கம். 2006இல் வந்த ஆட்சி திரும்ப எடுத்தது. 2011இல் சுமார் 13,500 பேர் மூன்றாவது முறையாக வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். இருபத்தைந்து வயதில் வேலைக்குச் சேர்ந்த ஒருவர் ஐம்பதை நெருங்கும்வரை, தேர்தல் முடிவு வரும் நாளில் தன் சோற்றுக்கு வழி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அந்தப் பணியிடங்கள் தேவையா இல்லையா என்பது நியாயமான கேள்விதான். ஆனால் ஒரு தடவை கூட அது அந்தக் கேள்வியாக முடிவு செய்யப்படவில்லை. நியமித்தவர்களும் தங்கள் ஆட்கள் என்று பார்த்தார்கள், நீக்கியவர்களும் அவர்களுடைய ஆட்கள் என்று பார்த்தார்கள்.

எல்லா வகைப் பள்ளிகளுக்கும் ஒரே பாடத்திட்டம் என்ற சமச்சீர்க் கல்வியும் அப்படித்தான். 2010இல் சட்டம் வந்து, புத்தகங்களும் அச்சாகிவிட்டன. 2011இல் வந்த புதிய அரசு, அதைத் தள்ளிவைக்கச் சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை, உச்ச நீதிமன்றம் 2011 ஆகஸ்ட் 9 அன்று பத்து நாளுக்குள் நடைமுறைப்படுத்தச் சொன்னது. அதுவரை பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக்கூடப் பாடப்புத்தகம் கையில் இல்லை. புத்தகங்கள் கட்டுக்கட்டாகக் கிடங்கில் இருந்தன, வகுப்பில் கரும்பலகையில் எழுதிப்போட்டதைப் பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள். பாடத்தில் குறை இருந்தால் அடுத்த வருடப் பதிப்பில் திருத்தியிருக்கலாம்.

இதற்கு நேர்மாறான உதாரணமும் இருக்கிறது. 2021இல் ஆட்சி மாறியபோது, முந்தைய முதல்வர்கள் இருவரின் படம் போட்ட சுமார் 65 லட்சம் பள்ளிப் பைகள் விநியோகத்துக்குத் தயாராக இருந்தன. அப்படியே கொடுங்கள், படத்தை மாற்றும் 13 கோடி ரூபாயைப் பிள்ளைகளுக்கு வேறு விதத்தில் செலவழிக்கலாம் என்று புதிய முதல்வர் சொன்னார். அம்மா உணவகங்களும் மூடப்படவில்லை. அதற்கும் மேலே ஒரு நீண்ட உதாரணம் பள்ளிச் சாப்பாடு. 1956இல் காமராசர் மதிய உணவு, 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவு, 1989இல் கலைஞர் முட்டை, 2022இல் காலை உணவு. யாரும் முன்னவரின் தட்டைப் பிடுங்கவில்லை, அதில் இன்னொன்றைச் சேர்த்து வைத்தார்கள். நான் பாடம் நடத்தும்போது இதைச் சொல்லாமல் விடுவதில்லை.

எங்கள் ஊர்ப் பேருந்து நிழற்குடையின் சுவரில் பெயின்ட் உரிந்த இடத்தில் மூன்று பெயர்கள் தெரிகின்றன. ஒவ்வொரு முறையும் புதிதாக வந்தவர் முந்தையவர் பெயரின் மேல் சுண்ணாம்பு அடித்துத் தன் பெயரை எழுதியிருக்கிறார். கூரை மட்டும் பல வருடமாக ஒழுகுகிறது.

ஊழல் பண்ணவங்களை அப்படியே விட்டுடலாமா? கேஸ் போட்டா பழிவாங்கல்னு சொல்றாங்களே?

விடக்கூடாது. முந்தைய அமைச்சர் மீது ஆதாரம் இருந்தும் "நாகரிகம்" என்று சொல்லி மூடிவைப்பது பொறுப்பு ஆகாது. வித்தியாசம் வேகத்திலும் முறையிலும் இருக்கிறது. முதலில் விசாரணை, பிறகு ஆதாரம், பிறகு கைது என்று போனால் அது சட்டம். 2001 ஜூன் 30 அதிகாலை, ஆட்சி மாறி இரண்டு மாதம் கூட ஆகாத நிலையில், சென்னையில் மேம்பாலங்கள் கட்டியதில் ஊழல் என்ற வழக்கில் முன்னாள் முதல்வர் கருணாநிதியை வீடு புகுந்து கைது செய்த காட்சியைத் தமிழ்நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. எழுபத்தேழு வயதுக்காரரை விடியும்வரை விட்டுவைக்க முடியாத அளவுக்கு அவசரம் எதுவும் அந்த வழக்கில் இல்லை.

இன்னொரு பக்கமும் உண்டு. ஆட்சிக்கு வந்தவர் தன் மேல் இருக்கும் வழக்கைத் தளரவிடுவதும் பெரும்பான்மையைத் தவறாகப் பயன்படுத்துவதுதான். ஜெயலலிதா மீதான சொத்துக் குவிப்பு வழக்கில், அவர் மீண்டும் முதல்வரான பின் சாட்சிகள் பலர் முன்பு சொன்னதை மாற்றிச் சொன்னார்கள். இங்கே நியாயமான விசாரணை நடக்காது என்ற ஐயத்தில் 2003 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த வழக்கைக் கர்நாடகத்துக்கு மாற்றியது. ஒரு மாநிலத்தின் நீதி நிர்வாகத்துக்கே அது தலைக்குனிவு. அதனால் என் பதில் இது: தன் கட்சிக்காரர் வழக்கிலும் எதிர்க்கட்சிக்காரர் வழக்கிலும் அரசு வழக்கறிஞர் ஒரே மாதிரி வாதாடுகிறாரா என்று பாருங்கள்.

சபாநாயகர் ஆளுங்கட்சிக்காரர்தானே, அவர் எப்படி நடுநிலையா இருப்பார்?

கஷ்டம்தான், ஆனால் முடியும். சபாநாயகரைப் பெரும்பான்மைதான் தேர்ந்தெடுக்கிறது, அடுத்த தேர்தலில் அதே கட்சிச் சின்னத்தில்தான் அவர் நிற்க வேண்டும். இருந்தாலும் அவையில் பலமில்லாதவர்களுக்கு இருக்கும் ஒரே பாதுகாப்பு அவர். பேச வாய்ப்பு கொடுப்பது, மைக், அவைக்குறிப்பிலிருந்து நீக்குவது எல்லாமே அவர் கையில்.

2017 பிப்ரவரி 18 நினைவிருக்கும். எடப்பாடி பழனிசாமி அரசின் மீதான நம்பிக்கை வாக்கெடுப்பு. ரகசிய வாக்கெடுப்பு கேட்டு அமளி, மேசை நாற்காலி சிதறல், கடைசியில் தி.மு.க. உறுப்பினர்களை வெளியேற்றிய பிறகு 122க்கு 11 என்று வெற்றி அறிவிக்கப்பட்டது. எதிர்க்கட்சி நடந்துகொண்ட முறையும் சரியில்லை, சபாநாயகரைச் சூழ்ந்து இழுத்தது வெட்கக்கேடு. ஆனால் எண்ணிக்கை கையில் இருந்த அரசு, ஒரு நாள் தள்ளிவைத்து எல்லோரையும் உட்காரவைத்து எண்ணியிருந்தாலும் அதே 122தான் வந்திருக்கும், யாரும் அதைச் சந்தேகப்பட்டிருக்கவும் மாட்டார்கள்.

கட்சித் தாவல் புகார்கள் இன்னொரு சோதனை. 1985இல் அரசியலமைப்பில் சேர்த்த பத்தாவது அட்டவணைப்படி அதை முடிவு செய்வது சபாநாயகர். எதிரணிக்குத் தாவியவர் என்றால் சில வாரத்தில் தீர்ப்பு, ஆளுங்கட்சிக்குத் தாவியவர் என்றால் வருடக்கணக்கில் கோப்பு நகராது. நாடு முழுக்க இதே பழக்கம்தான். பொதுவாக மூன்று மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்று 2020 ஜனவரியில் மணிப்பூர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. புதுப் பெரும்பான்மைக்கு மனமிருந்தால் அந்த மூன்று மாதத்தைத் தன் அவை விதியிலேயே சேர்த்துக்கொள்ளலாம்.

எதிர்க்கட்சியே ரொம்பக் கம்மியா இருந்தா, அவங்களுக்கு என்ன மரியாதை வேண்டிக்கிடக்கு?

குறைவாக இருக்கும்போதுதான் அதிகம் தேவை. 1991இல் தி.மு.க.வுக்கு இரண்டு இடம், 1996இல் அ.தி.மு.க.வுக்கு நான்கு இடம். இரண்டு முறையும் எதிர்க்கட்சித் தலைவர் பதவி, ஆளுங்கட்சியோடு கூட்டணி வைத்து ஜெயித்த கட்சிக்குப் போனது. 1991இல் காங்கிரஸ், 1996இல் தமிழ் மாநில காங்கிரஸ் (த.மா.கா.). நண்பரே எதிர்க்கட்சித் தலைவர் என்றால் கேள்வியின் சூடு எப்படி இருக்கும்? அந்த இரண்டு ஆட்சியும் அடுத்த தேர்தலில் தோற்றன. உள்ளே யாரும் எச்சரிக்காததும் ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன்.

பொதுக் கணக்குக் குழு இங்கேதான் முக்கியமாகிறது. இந்தியத் தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கைகளைப் பரிசீலித்து, அதிகாரிகளைக் கூப்பிட்டு, இந்தப் பணம் எங்கே போனது என்று கேட்கும் குழு அது. எதிர்க்கட்சிக்காரர் தலைவராக இருப்பது மரபு. 2016இல் தொடங்கிய அவையில் தி.மு.க.வின் துரைமுருகன் இருந்தார். 2021இல் தொடங்கிய அவையில் காங்கிரசின் செல்வப்பெருந்தகை வந்தார். அவர் கட்சி ஆளுங்கட்சியின் கூட்டணியில் இருந்தது. குழுவில் அவர் எப்படி உழைத்தார் என்பது வேறு விஷயம், தன் கணக்கைத் தன் தோழரிடம் கொடுத்துச் சரிபார்க்கும் ஏற்பாடு நல்லதல்ல. பிரதான எதிர்க்கட்சியிடமே அதைக் கொடுத்திருக்க வேண்டும்.

டெல்லியிலும் பாருங்கள், 2019 முதல் 2024 வரை ஐந்து வருடமும் மக்களவையில் துணை சபாநாயகரே இல்லை. கேட்பதற்கு ஆள் குறைந்தால் பெரும்பான்மை இப்படித்தான் சாவகாசமாகிவிடுகிறது.

நல்ல சட்டம்னா உடனே போட்டுட வேண்டியதுதானே? விவாதம், குழுன்னு எதுக்கு இழுக்கணும்?

"ஏற்போர் ஆம் என்க, மறுப்போர் இல்லை என்க." சபாநாயகர் இதைச் சொல்லி முடிப்பதற்குள் ஆளுங்கட்சி வரிசையிலிருந்து "ஆம்" வந்துவிடும், மசோதா நிறைவேறிவிடும். மாடத்தில் இருந்து பார்த்தபோது மாணவர்களால் எண்ண முடியாத வேகம். கூட்டத் தொடரின் கடைசி நாளில் ஒரே மூச்சில் பல மசோதாக்கள் இப்படிப் போகும்.

2023 ஏப்ரல் 21, கூட்டத் தொடரின் கடைசி நாள். தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்த மசோதா குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. காங்கிரஸ், கம்யூனிஸ்ட், விடுதலைச் சிறுத்தைகள் என்று சொந்தக் கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்புச் செய்தன. மூன்றே நாளில் தொழிற்சங்கங்களின் எதிர்ப்பால் நிறுத்திவைத்தார்கள், மே முதல் தேதி திரும்பப் பெறுவதாக முதல்வர் அறிவித்தார். திரும்பப் பெற்றது நல்ல காரியம், மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் தொழிற்சங்கங்களைக் கூப்பிட்டுப் பேசும் வேலையை மசோதாவுக்கு முன்பே செய்திருந்தால் இவ்வளவும் நடந்திருக்காது.

ஆன்லைன் ரம்மித் தடையில் இன்னும் தெளிவாகத் தெரியும். முந்தைய ஆட்சியில் 2020 நவம்பரில் அவசரச் சட்டம், 2021 பிப்ரவரியில் சட்டம். ஆகஸ்ட்டில் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. திறமை விளையாட்டுக்கும் அதிர்ஷ்ட விளையாட்டுக்கும் வித்தியாசம் பார்க்காமல் ஒட்டுமொத்தமாகத் தடை போட்டதுதான் சிக்கல். அடுத்த ஆட்சி ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் குழு போட்டு, அறிக்கை வாங்கி, 2022இல் புதிதாகச் சட்டம் இயற்றியது. ஆளுநர் திருப்பி அனுப்பினார், மறுபடி நிறைவேற்றினார்கள். 2023 நவம்பரில் நீதிமன்றம் ரம்மியையும் போக்கரையும் விலக்கிவிட்டு மீதியை ஏற்றுக்கொண்டது. முழு வெற்றி இல்லை, ஆனால் சட்டம் நின்றது. கடன்பட்டு உயிரை விட்டவர்களின் குடும்பங்களுக்காகத்தான் இந்தச் சட்டம் கேட்கப்பட்டது. அவசரத்தில் போட்டது விழுந்ததால் அவர்களுக்குத்தான் காலம் வீணானது.

ஜல்லிக்கட்டுச் சட்டம் 2017 ஜனவரி 23 அன்று ஒரே நாளில் நிறைவேறி, 2023இல் உச்ச நீதிமன்றத்திலும் நின்றதே என்று கேட்பார்கள். ஆமாம். ஆனால் அன்று அவையில் எதிர்ப்பே இல்லை, அதற்கு முந்தைய நாட்களில் மெரினாவில் லட்சக்கணக்கானவர்கள் உட்கார்ந்திருந்தார்கள், விவாதம் பல வருடமாக வெளியே நடந்து முடிந்திருந்தது. அந்த மாதிரி நாள் அபூர்வம்.

110 விதின்னு அடிக்கடி சொல்றாங்களே, அது என்ன?

அவசர முக்கியத்துவம் உள்ள பொது விஷயத்தில் அமைச்சர் அறிக்கை படிக்கலாம், அதன்மேல் விவாதம் கிடையாது. இதுதான் அந்த விதி. ஜெயலலிதா காலத்தில் பெரிய திட்டங்கள் வரிசையாக இதன் கீழ் அறிவிக்கப்பட்டன. அப்போது அதைக் குறை சொன்னவர்களும் ஆட்சிக்கு வந்தபின் அதே விதியைப் பயன்படுத்தினார்கள். அறிவிப்பு வருவதில் மகிழ்ச்சிதான், ஆனால் "எவ்வளவு செலவு, எப்போது முடியும்?" என்று ஒரு உறுப்பினர்கூடக் கேட்க முடியாத அறிவிப்பு அவையில் வந்து என்ன பயன்? விதியைப் புயல், வெள்ளம், விபத்து போன்றவற்றுக்கு மட்டும் வைத்துக்கொண்டால் போதும்.

அவசரச் சட்டமும் அப்படித்தானா?

ஏறக்குறைய. அவை கூடாத காலத்தில் 213ஆவது பிரிவின் கீழ் ஆளுநர் பிறப்பிப்பது, அவை கூடிய ஆறு வாரத்தில் காலாவதியாகிவிடும். பீகாரில் 1967 முதல் 1981 வரை 256 அவசரச் சட்டங்களைப் போட்டு, அவற்றைத் திரும்பத் திரும்பப் புதுப்பித்து, அவைக்கே கொண்டுவராமல் ஆண்டார்கள். 1986இல் உச்ச நீதிமன்றம் இதை அரசியலமைப்பின் மீதான மோசடி என்று கண்டித்தது. பெரும்பான்மை இருந்தும் அவையைத் தவிர்ப்பவர்கள் எண்ணிக்கைக்குப் பயப்படவில்லை, கேள்விக்குத்தான் பயப்படுகிறார்கள்.

ஆளுநர் மசோதாவை வெச்சுக்கிட்டே இருந்தா பெரும்பான்மை இருந்து என்ன பிரயோஜனம்?

நியாயமான கோபம். பத்து மசோதாக்கள் இப்படி நின்று, 2023 நவம்பர் 18 அன்று சிறப்புக் கூட்டம் போட்டு மறுபடி நிறைவேற்றினார்கள். 2025 ஏப்ரல் 8 அன்று உச்ச நீதிமன்றம் ஆளுநரின் செயல் சட்டப்படி சரியல்ல என்று சொல்லி, அந்தப் பத்தும் ஒப்புதல் பெற்றதாகக் கருதப்படும் என்றது. பிறகு குடியரசுத் தலைவர் கேட்ட விளக்கத்துக்கு 2025 நவம்பரில் அரசியல் சாசன அமர்வு, ஆளுநருக்கு நீதிமன்றம் கால வரம்பு விதிக்க முடியாது, தானாக ஒப்புதல் என்பதும் இல்லை என்றது. காலவரையின்றிக் கிடப்பில் போடவும் முடியாது என்றும் சேர்த்துச் சொன்னது.

இதில் பெரும்பான்மையின் பங்கு என்ன? தேர்ந்தெடுக்கப்பட்ட அவையின் உரிமைக்காகப் போராடத்தான் வேண்டும். கூடவே, நல்ல சட்டம் பற்றிய கேள்வியில் சொன்ன மாதிரி, மசோதாவை முழுதாக விவாதித்து அனுப்பினால் அதன் பலமே வேறு. இரண்டு நிமிடக் குரல் வாக்கில் போன மசோதாவுக்கு "மக்கள் மன்றத்தின் விருப்பம்" என்று வாதாடும்போது குரல் சற்று இறங்கத்தான் செய்யும்.

சட்டசபையைப் பத்தி எழுதுன பத்திரிகைக்காரங்களை ஜெயில்ல போட்டாங்களாமே, நிஜமா?

நிஜம். 1987இல் ஆனந்த விகடன் அட்டையில் வந்த ஒரு ஜோக்குக்காக அதன் ஆசிரியர் எஸ்.பாலசுப்பிரமணியனுக்கு அவை மூன்று மாதச் சிறை விதித்தது. நாடெங்கும் எதிர்ப்பு கிளம்பி சில நாளில் விடுவித்தார்கள். பிறகு உயர் நீதிமன்றம் அவருக்கு 1,000 ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. 2003 நவம்பரில் 'தி இந்து' பத்திரிகையாளர்களுக்கும் முரசொலி ஆசிரியருக்கும் 15 நாள் சிறை என்று அவை தீர்மானம் போட்டது, உச்ச நீதிமன்றம் தடுத்தது. இரண்டிலும் சொன்ன காரணம் அவையின் உரிமை மீறல். அது அவை பயமில்லாமல் நடக்க வேண்டும் என்பதற்காக ஏற்பட்டது. அதை வைத்து அவையைப் பற்றிப் பேசுகிறவரைப் பயமுறுத்துவது தலைகீழ்.

அவங்க ஆட்சியில அப்படித்தானே செஞ்சாங்க, இவங்க மட்டும் ஏன் நல்லவங்களா இருக்கணும்?

இதுதான் எல்லாவற்றையும் விடக் கடினமான கேள்வி. கேட்பவர் முகத்தில் வலி தெரியும். எதிர்க்கட்சியாக இருந்தபோது வழக்கு, வெளியேற்றம், அவமானம் எல்லாம் பட்டவர்கள் அவர்கள். அவர்களிடம் போய்ப் பெருந்தன்மையைப் பற்றிப் பேசுவது எளிதல்ல.

ஆனால் மக்கள் நலப் பணியாளர் கணக்கைத் திரும்பப் பாருங்கள். 1991, 2001, 2011. ஒவ்வொரு முறையும் "அவர்கள் ஆள்" என்ற ஒரே காரணம். அடிபட்டது எதிர்க்கட்சித் தலைவர் அல்ல, ஊராட்சியில் சொற்பச் சம்பளம் வாங்கிய ஒருவர். பதிலுக்குப் பதில் என்று தொடங்கினால் அடி போய் விழுவது இப்படி வேறு யார் மேலாவதுதான். தவிர, நம் மாநிலத்தில் ஆட்சி மாறிக்கொண்டே இருக்கிறது. இன்று எதிர்க்கட்சியின் மைக்கை அணைக்கிறவர் ஐந்து வருடத்தில் அந்த மைக்கின் முன்னால் உட்கார்ந்திருப்பார். பள்ளிப் பை விஷயத்தில் செய்ய முடிந்தது மற்றதிலும் முடியும்.

இதெல்லாம் சரி, சாதாரண ஆளா நான் என்ன செய்யறது?

உங்கள் எம்.எல்.ஏ. ஆளுங்கட்சி என்றால், போன கூட்டத் தொடரில் என்ன கேள்வி கேட்டார் என்று நேரில் கேளுங்கள். கல்யாண வீட்டில் பார்த்தாலும் கேட்கலாம், தப்பில்லை. சட்டமன்றத்தில் மனுக்கள் குழு என்று ஒன்று இருக்கிறது, மாவட்டங்களுக்கு வரும். அமைச்சர்கள் அவையில் கொடுத்த வாக்கைப் பின்தொடர உறுதிமொழிக் குழுவும் இருக்கிறது. வரும் தேதி ஆட்சியர் அலுவலகத்தில் விசாரித்தால் தெரியும்.

எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் வாய்க்கால் மேல் சிறுபாலம் கேட்டு அப்படி ஒரு மனு கொடுத்தார். இடிந்த பாலத்தின் படம் மூன்று, பள்ளிக்குப் போகும் பிள்ளைகளின் எண்ணிக்கை, முன்பு அவையில் அது பற்றிச் சொல்லப்பட்ட பதிலின் நகல் எல்லாவற்றையும் ஒரு மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு காலை எட்டு மணிக்கே போய் உட்கார்ந்துவிட்டார். குழுவில் இருந்த ஆளுங்கட்சி உறுப்பினர்தான் அந்த நகலை எடுத்துப் படித்துப் பார்த்து, பக்கத்திலிருந்த பொறியாளரிடம் நீட்டி, "இது நம்ம அமைச்சர் சொன்னதுதானே, ஏன் இன்னும் முடியல?" என்று கேட்டார். பாலம் அடுத்த மழைக்கு முன்னால் கட்டி முடிந்தது.